சுண்டெலி வளர்சிதைமாற்ற ஆய்வுக்குப் பொதுக் கருவி வாங்குவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடற்பருமன், சர்க்கரை நோய், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றைச் சுண்டெலிகளில் ஆராயும் குழுக்கள் ஒரே நிறுவனத்தில் மூன்று நான்கு இருந்தால், ஆளுக்கொரு கருவி வாங்க முடியாது என்பதும், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்பதும் விரைவில் தெரிந்துவிடும். எங்கள் துறைக்காக அந்தப் பொறுப்பை நான் ஏற்றபோது, எந்த ஆவணம் எந்தக் கட்டத்தில் தேவைப்படும், எந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை ஒரே இடத்தில் சொல்லித்தர ஆளில்லை. அடுத்து வருபவர்கள் அதே வழியில் தட்டுத்தடுமாற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மத்திய அரசின் நிதியில் கொள்முதல் செய்யும் இந்திய நிறுவனங்களை மனத்தில் வைத்தே படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் நாளிலேயே நிதி அலுவலரிடம் எந்த விதி பொருந்தும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தேவையை எண்ணாக எழுதுங்கள்

இங்கே பேசப்படுவது முதன்மையாக இரண்டு கருவிகள். ஒன்று, சுண்டெலி பயன்படுத்தும் ஆக்சிஜனையும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, அது எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது, கொழுப்பை எரிக்கிறதா மாவுச்சத்தை எரிக்கிறதா என்று காட்டும் மறைமுகக் கலோரிமானிக் கூண்டு அமைப்பு. வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்திய ஆக்சிஜனால் வகுத்தால் வரும் விகிதம் 1.0-ஐ ஒட்டி இருந்தால் மாவுச்சத்தும், 0.7-ஐ ஒட்டி இருந்தால் கொழுப்பும் எரிகின்றன என்று பொருள். மற்றொன்று, மயக்க மருந்து இல்லாமலேயே ஓரிரு நிமிடங்களில் உடலின் கொழுப்பு நிறையையும் கொழுப்பற்ற நிறையையும் தனித்தனியே காட்டும் காந்த ஒத்ததிர்வுக் கருவி. கொலம்பஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சேபிள் சிஸ்டம்ஸ், டிஎஸ்இ சிஸ்டம்ஸ் ஆகியவை முதல் வகையிலும், எக்கோஎம்ஆர்ஐ, ப்ரூக்கர் ஆகியவை இரண்டாம் வகையிலும் பரவலாக அறியப்பட்டவை. முதலாவதை மட்டும் வாங்கி இரண்டாவதை விட்டுவிடுவது நல்லதல்ல. கொழுத்த எலியையும் மெலிந்த எலியையும் ஒப்பிடும்போது ஆற்றல் செலவை மொத்த எடையால் வகுத்துச் சொன்னால் முடிவு பிறழும். கொழுப்பற்ற நிறையைத் துணை மாறியாக வைத்துப் பகுப்பாய்வு செய்யுமாறு இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

எத்தனை கூண்டு வேண்டும் என்பதை இப்படிக் கணக்கிடுங்கள். புதிய கூண்டுக்கும் தனித்து வாழ்வதற்கும் எலி பழகச் சில நாட்கள், பதிவுக்குச் சில நாட்கள், கழுவித் துப்புரவு செய்ய ஒரு நாள் என்று பார்த்தால், ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் ஆகும். எட்டுக் கூண்டு அமைப்பு ஆண்டில் 40 வாரம் இயங்கினால் 320 எலிகளை அளக்கலாம். இரண்டு மரபு வகை, இரண்டு உணவு, குழுவுக்கு எட்டு எலி என்ற ஒரே ஒரு சோதனைக்கு 32 எலிகள், அதாவது நான்கு வாரம் தேவை. பங்கேற்கும் ஒவ்வொரு குழுவிடமும் இப்படி ஆண்டுத் தேவையைக் கேட்டு, திட்ட எண், நிதி வழங்கும் அமைப்பு, திட்டம் முடியும் தேதி ஆகியவற்றோடு ஓர் அட்டவணை தயாரித்துக் கையெழுத்து வாங்குங்கள். நிதி விண்ணப்பம், கொள்முதல் குழுவின் நியாயப்படுத்தல், பின்னால் வரும் தணிக்கை ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே அட்டவணைதான் ஆதாரமாக நிற்கப் போகிறது.

2. அருகில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

நாடு முழுவதும் உள்ள ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடி, உங்கள் பகுதியில் இதே கருவி கிடைக்கிறதா என்று பார்த்து, அந்தத் தேடலின் அச்சுப் பிரதியைத் தேதியுடன் கோப்பில் வையுங்கள். கிடைத்தாலும் உங்கள் விண்ணப்பம் பலவீனமாகிவிடாது. எலிகளை ஒரு விலங்குக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது நோய்த்தொற்று அபாயம், தனிமைப்படுத்தல் காலம், பயண அழுத்தம் ஆகியவற்றோடு வருவதால், உயிருள்ள விலங்குகளில் அளக்கும் கருவி அருகிலேயே இருக்க வேண்டும் என்பது வலுவான வாதம். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

3. நிதி

துறை அளவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டிஎஸ்டி) ஃபிஸ்ட், பல்கலைக்கழக அளவில் பர்ஸ், உயிரித் தொழில்நுட்பத் துறையின் சஹஜ், பில்டர் ஆகிய திட்டங்கள் பொதுக் கருவிகளுக்கு ஏற்றவை. அழைப்புகள் எல்லா ஆண்டும் ஒரே மாதத்தில் வருவதில்லை என்பதால் ஆவணங்களை முன்பே தயாராக வைத்திருங்கள். தனி ஆய்வாளரின் திட்டத்தில் இவ்வளவு பெரிய கருவியைக் கேட்டால் வெட்டப்படும் வாய்ப்பே அதிகம்.

எட்டுக் கூண்டு கொண்ட முழு அமைப்பு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சூழல் அறையுடன் சேர்ந்தால், ரூ. 1 கோடியை எளிதில் தாண்டும். சூழல் அறையை ஆடம்பரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். விலங்குக்கூடங்களில் வழக்கமாக உள்ள 22 டிகிரியில் அது தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே பெரும் ஆற்றலைச் செலவிடுகிறது. மருந்தின் விளைவா குளிரின் விளைவா என்று பிரித்தறிய அந்த அறை வேண்டும்.

இக்கட்டத்தில் பலரும் விழும் குழி மூன்று. முதலாவது, விலைப்புள்ளி டாலரிலோ யூரோவிலோ இருக்கும், அனுமதி ரூபாயில் வரும், இரண்டுக்கும் இடையே ஓர் ஆண்டுகூடக் கடந்துவிடும். ஆகவே நாணய மதிப்பு மாற்றத்துக்கென ஒரு தொகையைச் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது, விற்பனையாளர் தரும் விலையில் வரி இருக்காது. மூன்றாவது, உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய பராமரிப்பு ஒப்பந்தம். பொதுவாகக் கருவி விலையில் 5 முதல் 10 விழுக்காடு ஆண்டுதோறும் ஆகும் இந்தச் செலவைப் பெரும்பாலான நிதித் திட்டங்கள் ஏற்பதில்லை. அந்தப் பணத்தை நிறுவனம் தரும் என்று பதிவாளரோ இயக்குநரோ கையெழுத்திட்ட உறுதிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். கருவி வந்த பிறகு இந்தக் கடிதத்தைப் பெறுவது மிகமிகக் கடினம்.

4. அறை

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். கொள்முதல் ஆணை போகும் முன்பே அறை தயாராக இருக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 25 கிராம் சுண்டெலி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. நிமிடத்துக்கு ஒன்றே கால் மில்லிலிட்டருக்குச் சற்று மேல். கூண்டு வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டர் காற்று ஓடினால், உள்ளே போகும் காற்றில் 20.95 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் வெளியே வரும்போது 20.68 ஆகக் குறைந்திருக்கும். அந்த 0.27 விழுக்காடுதான் உங்கள் முழு ஆய்வும். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் நீராவி மட்டுமே 4 விழுக்காட்டுக்கு மேல் இடம் பிடித்துக்கொள்வதால், அதை நீக்காமலோ அளந்து கழிக்காமலோ விட்டால் ஆக்சிஜன் அளவு 0.9 விழுக்காடு வரை குறைத்துக் காட்டப்படும். நீங்கள் தேடும் மாற்றத்தைவிட இது மும்மடங்கு.

கடற்கரை நகரங்களில் உள்ளவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். காற்றை உலர்த்தும் மணிகள் ஈரத்தை உறிஞ்சித் தீரும்போது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். உலர்த்தும் குழாயில் காலையில் பளிச்சென்ற நீல மணிகளாக நிரப்பி வைத்தது, மழைக்கால நாளொன்றில், மாலைக்குள் காற்று நுழையும் முனையிலிருந்து முக்கால் நீளத்துக்கு இளஞ்சிவப்பாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இரவில் எலி விழித்து ஓடியாடும் நேரத்தில், அறையில் எவரும் இல்லாதபோது, மீதி நீலமும் தீர்ந்துவிட்டால் அந்த இரவின் பதிவு முழுவதும் வீண். ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்தை அறைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்; நீராவியைத் தனியே அளந்து கணக்கில் திருத்தும் வகை அமைப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறைக்கு வேண்டிய பிறவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவுத்திருத்த வாயு உருளைகளைச் சங்கிலியிட்டு நிறுத்த இடம், குறைந்தது சில மணி நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸும் அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் இணைப்பும், 12 மணி நேர ஒளி–இருள் சுழற்சியைத் தானாக மாற்றும் விளக்குகள், ஆட்கள் நடமாட்டம் இல்லாத மூலை, காந்தக் கருவிக்கு வெப்பநிலை அதிகம் மாறாத தனி மேசை. சூழல் அறை வரும் பெட்டியின் நீள, அகல, உயரத்தை விற்பனையாளரிடம் கேட்டு, இறக்குமிடம் தொடங்கி மின்தூக்கி, நடைவழி, கதவு என ஒவ்வோர் இடத்தையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். கதவுச் சட்டத்தை உடைக்கப் பொறியியல் பிரிவின் அனுமதி வேண்டியிருந்தால், அதற்கே வாரங்கள் ஓடிவிடும்.

பொதுக் கருவி என்பதால் இன்னொன்றும் உண்டு. வெவ்வேறு கூடங்களிலிருந்து வரும் எலிகள் ஒரே காற்றுக் குழாய்களைப் பகிர்கின்றன. தூய்மைத் தடுப்புக்குள் வைக்கப்பட்ட இனப்பெருக்க அறைக்குள் இக்கருவியை வைத்தால், வெளி எலி ஒன்று கொண்டுவரும் தொற்று உங்கள் கூட்டம் முழுவதையும் அழித்துவிடக்கூடும். தடுப்புக்கு வெளியே தனி அறை, உள்ளே வந்த எலி திரும்பப் போகாது என்ற விதி, வரும் எலிகளுக்கு அண்மைக் கால உடல்நலச் சோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் விலங்குக்கூடக் கால்நடை மருத்துவருடன் சேர்ந்து எழுதிவையுங்கள்.

5. விலங்கு நெறிமுறைக் குழு

சுண்டெலி ஆய்வுகளுக்கு நிறுவன அளவிலான விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம். அதற்கு உங்கள் விலங்குக்கூடம், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் சிசிஎஸ்இஏ அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின் காலாவதித் தேதியைச் சரிபாருங்கள். பயனர் ஒவ்வொருவரும் தத்தம் சோதனைக்கு அனுமதி கோரும் படிவம் ‘பி’-யைத் தாக்கல் செய்ய வேண்டும். ‘கருவிக்குப் பொதுவாக ஒரு முறை அனுமதி வாங்கிவிட்டோம்’ என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. எலியை ஏன் தனியாக அடைக்க வேண்டும், எத்தனை நாள், பட்டினி போடப்படுமா, எடை எவ்வளவு குறைந்தால் எலி வெளியே எடுக்கப்படும் என்பவற்றைப் படிவத்தில் தெளிவாக எழுதினால், குழு திருப்பி அனுப்புவது பெரும்பாலும் தவிர்க்கப்படும். குழு அடிக்கடி கூடாது என்பதால், கருவி வரும் மாதத்தைக் கணக்கிட்டு முந்தைய கூட்டத்துக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

6. தொழில்நுட்ப விவரக்குறிப்பு

ஒரு நிறுவனத்தின் கையேட்டை அப்படியே நகலெடுத்தால், போட்டியாளர் புகார் கொடுத்து ஒப்பந்தப்புள்ளியே ரத்தாகலாம். கருவியின் மாதிரிப் பெயரை விட்டுவிட்டு, அது செய்ய வேண்டிய வேலையை எண்களில் எழுதுங்கள்: எத்தனை கூண்டு, ஒவ்வொரு கூண்டுக்கும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அளவீடு வர வேண்டும், ஆக்சிஜன் உணரியின் நுண்மை, சூழல் அறையின் வெப்பநிலை வரம்பு, உணவுத் தராசின் துல்லியம். அளவீட்டு இடைவெளியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒரே உணரி கூண்டுகளுக்கிடையே மாறிமாறிச் சுற்றும் அமைப்பில், கூண்டுக்கு இரண்டு நிமிடம் என்றால், எட்டுக் கூண்டையும் வெளிக்காற்றையும் அளந்து முடிக்க ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். சிறிது நேர ஓட்டத்தின் விளைவைப் பார்க்க விரும்புபவருக்கு அது போதாது.

கொள்முதல் கோரிக்கையின் (இண்டென்ட்) தலைப்பில் வெறும் ‘மெட்டபாலிக் கேஜ்’ என்று எழுதினால், சிறுநீரும் மலமும் சேகரிக்கும் சாதாரண பிளாஸ்டிக் கூண்டுகளுக்கே விலைப்புள்ளிகள் வந்து குவியும். ‘மறைமுகக் கலோரிமானி’ என்பது தலைப்பிலேயே இருக்கட்டும்.

பின்வருவனவற்றை விலைப் பட்டியலில் கட்டாய இனங்களாகச் சேருங்கள்: உத்தரவாதம் முடிந்த பின் ஒவ்வோர் ஆண்டுக்குமான முழுப் பராமரிப்பு ஒப்பந்த விலை, அது குறைந்த விலையைத் தீர்மானிக்கும் கணக்கிலும் சேர்க்கப்படும் என்ற குறிப்பு, மென்பொருளை எத்தனை கணினியில் நிறுவலாம், மூலத் தரவைப் பொதுவான கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதி, மாற்றுத் தண்ணீர்க் குப்பிகளும் உணவுத் தொட்டிகளும். பொடி உணவையும் கொழுப்பு மிகுந்த மென்மையான உணவையும் சிந்தாமல் தாங்கும் தொட்டியா என்று நேரில் பார்த்து உறுதிசெய்யுங்கள். நாளுக்கு 3 முதல் 5 கிராம் மட்டுமே உண்ணும் எலியின் உணவில் அரைக் கிராம் தரையில் சிந்தினாலும் கணக்கு கெட்டுவிடும்.

7. ஒப்பந்தப்புள்ளி

2025 ஜூனில் நிதி அமைச்சகம் அறிவியல் துறைகளின் நிறுவனங்களுக்கு அளித்த தளர்வின்படி, ஆய்வுக் கருவிகளை, அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்துக்கு வெளியே வாங்க இயக்குநரோ துணைவேந்தரோ அனுமதிக்கலாம். கொள்முதல் குழு வழியாக ரூ. 25 லட்சம் வரையிலும், தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களிடம் மட்டும் கேட்கும் வரையறுத்த ஒப்பந்தப்புள்ளி வழியாக ரூ. 1 கோடி வரையிலும் வாங்கலாம், ரூ. 200 கோடி வரையிலான உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கும் அவர்களே ஒப்புதல் தரலாம். உங்கள் நிறுவனம் இதற்குள் வருகிறதா என்பதைக் கொள்முதல் பிரிவிடம் எழுத்தில் பெற்றுக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்படி, வெளிநாட்டிலிருந்தும் புள்ளிகள் வர வேண்டுமானால் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். முன்கூட்டிய விளக்கக் கூட்டம், தொழில்நுட்ப மதிப்பீடு, விலை திறப்பு, நிதி ஒப்புதல் எல்லாம் சேர்ந்தால் மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகு உற்பத்திக்கும் அனுப்புதலுக்கும் மேலும் மூன்று நான்கு மாதம். ஆகவே நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஒற்றைக் கருவூலக் கணக்கின் (டிஎஸ்ஏ) வழியே வரும் நிதி, மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். மறு ஒதுக்கீடு பெறுவது தனிப் போராட்டம்.

ஒரே நிறுவனம்தான் இதைச் செய்கிறது என்ற தனியுரிமைச் சான்றிதழ் வழியே போகலாமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். இந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட உற்பத்தியாளர்கள் இருப்பதால் அந்தச் சான்றிதழ் தணிக்கையில் நிற்காது. ஏற்கெனவே உள்ள அமைப்புக்குக் கூடுதல் கூண்டு வாங்கும்போது மட்டும் அது நியாயமாகும். புள்ளிதாரர்களிடமிருந்து உள்நாட்டு மதிப்புக்கூட்டல் உறுதிமொழி, இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகள் தொடர்பான உறுதிமொழி, உற்பத்தியாளர் வழங்கிய அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றைத் தொழில்நுட்ப ஆவணங்கள் வரும் முதல் உறையிலேயே கேளுங்கள்.

8. சுங்கமும் வரியும்

ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 விழுக்காட்டு ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை. பழைய கோப்புகளைப் பார்த்து வரியைக் கணக்கிடுபவர்கள் இன்றும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கருவியின் சுங்கக் குறியீட்டு எண்ணை விற்பனையாளரிடம் பெற்று, சுங்க முகவரிடம் அன்றைய விகிதத்தைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, ரூ. 100 லட்சம் மதிப்புள்ள பொருளுக்கு அடிப்படைச் சுங்கம் 7.5 விழுக்காடு, அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 விழுக்காடு, இவை சேர்ந்த மொத்தத்தின் மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வரி மட்டுமே ரூ. 27.7 லட்சம் ஆகிறது. மத்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுத் துறையின் (டிஎஸ்ஐஆர்) பதிவு உள்ள நிறுவனங்கள் சுங்கச் சலுகை எது நடப்பில் உள்ளது என்று பார்த்து, பதிவுச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருள் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கட்டணமின்றிக் கிடப்பது ஒரு சில நாட்களே. அதற்குப் பிறகு கிடங்கு வாடகை ஏறும், அதை எந்த நிதித் திட்டமும் தராது. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், விமானச் சரக்குச் சீட்டு, காப்பீடு, பிறப்பிடச் சான்று, கருவிக் கையேடு, கொள்முதல் ஆணை ஆகியவற்றின் மின்பிரதிகளைப் பொருள் கிளம்பும் முன்பே வாங்கி முகவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆணையில் உள்ள பெயரும் விலைப்பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. இயன்றால் உங்கள் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும் நிபந்தனையில் வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் மன உளைச்சல் பாதியாகக் குறையும்.

9. ஏற்றுக்கொள்ளும் சோதனை

பெட்டிகளை விற்பனையாளரின் பொறியாளர் முன்னிலையில் மட்டுமே பிரியுங்கள். அதிர்வு காட்டும் ஒட்டியின் நிறத்தைப் பிரிக்கும் முன் படமெடுங்கள். திரை ஒளிர்ந்து எண்கள் ஓடுவதைக் காட்டியதோடு கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அளந்த எத்தனாலைக் கருவியின் அளவீட்டுக் கூண்டுக்குள் எரித்துப் பார்த்தால் இரு வாயுக்களின் விகிதம் 0.67 வர வேண்டும். புரொப்பேன் என்றால் 0.6. இந்தச் சோதனையையும், எல்லாக் கூண்டுகளும் காலியாக ஓர் இரவு முழுவதும் ஓடும் அடிக்கோட்டுச் சோதனையையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுதியிருந்தால்தான் இப்போது கேட்க முடியும். மீதித் தொகை இந்த அறிக்கைக்குப் பிறகே வழங்கப்படும் என்றும், உத்தரவாதம் நிறுவப்பட்ட தேதியிலிருந்தே தொடங்கும் என்றும் ஆணையில் இருக்க வேண்டும். அனுப்பிய தேதியிலிருந்து என்று சிறிய எழுத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

10. பகிர்வு விதிகளும் ஆளும்

கருவி ஓடத் தொடங்கும் முன் இரண்டு பக்க விதித்தாள் ஒன்றைப் பயனர் குழு ஏற்றுக்கொண்டு, நிறுவனத்தின் நிதிக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். முன்பதிவு முழு வாரங்களாக மட்டும், ஒரே குழு தொடர்ந்து எடுக்கக்கூடிய வாரங்களுக்கு ஓர் உச்சவரம்பு, உள்ளே இருப்பவர், பிற கல்வி நிறுவனத்தினர், தொழில் நிறுவனத்தினர் என மூன்று கட்டண நிலை, கட்டணம் பொதுக் கணக்கில் கரையாமல் கருவிக்கென்று தனிக் கணக்கில் சேர்வது ஆகியவை அதில் இருக்கட்டும். கட்டணத்தில் அளவுத்திருத்த வாயு, உலர்த்தி மணிகள், உணரி மாற்றம், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றின் ஆண்டுச் செலவை ஓடும் வாரங்களால் வகுத்துச் சேர்த்துவிடுங்கள்.

பொறுப்பாள் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். திட்ட உதவியாளரை நம்பிக் கருவியை விட்டால், திட்டம் முடியும் நாளில் அவரோடு அளவுத்திருத்தம் செய்யும் கைப்பழக்கமும் போய்விடும். விலங்குக்கூடத்தின் நிரந்தரத் தொழில்நுட்பர் ஒருவரையும் ஆய்வு மாணவர் ஒருவரையும் நிறுவும் பொறியாளரிடம் சேர்த்தே பயிற்சிக்கு அனுப்பி, நாளாந்தச் செயல்முறையைத் தமிழிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூண்டு மாற்றும் பணியாளர்கள் இரவில் அறைக்குள் நுழையக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

கருவியை ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவிட்டு, சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, நிதி எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொது நிதி விதிகளின் படிவம் 12-ஏ-யில் உரிய காலத்துக்குள் அனுப்புங்கள். ஒவ்வொரு சுற்றின் தேதி, குழு, எலிகளின் எண்ணிக்கை, நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் ஆகியவற்றைப் பதிவுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதச் செய்யுங்கள். அடுத்த உணரிக்கோ கூடுதல் கூண்டுக்கோ நிதி கேட்கும்போது முதலில் கேட்கப்படும் ஆவணம் அந்தப் புத்தகம்தான்.